அம்மாவுக்குச் சுடாத ரோடு

கடல் பொறியியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்று சொன்னால், திருவண்ணாமலையில் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இங்கே ஏது கடல்? இரண்டாவதாக, பயமாக இல்லையா என்பார்கள். முதல் கேள்விக்குச் சிரித்து வைப்பேன். இரண்டாவதற்கு இல்லை என்பேன். அது பொய் இல்லை. நான் சரியான பயந்தாங்கொள்ளிதான். பல்லி, இடி, நாய், ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றுக்கும் பயம். ஆனால் கடலுக்கு அவ்வளவாக இல்லை. எனக்குப் பயம் பௌர்ணமிதான். காலண்டரில் அந்த வெள்ளை வட்டம் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்காது.

என் ஆராய்ச்சி சென்னைக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமத்தில். கடல் ஊரை அரித்துக்கொண்டே வந்ததால் அங்கே கருங்கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டியிருக்கிறார்கள். கரையிலிருந்து கடலுக்குள் வளைந்து போகும் கல் கட்டு அது. அதற்கு ஒரு பக்கம் மணல் சேர்கிறது, மறுபக்கம் கரை காணாமல் போகிறது. எந்தக் காலத்தில் எந்தப் பக்கமாக எவ்வளவு மணல் போகிறது என்பதுதான் என் தீசிஸ். அதற்கு அலையையும் நீரோட்டத்தையும் அளக்கும் கருவிகளை ஓர் இரும்புச் சட்டத்தில் கட்டி, ஃபைபர் படகில் கொண்டுபோய்க் கடலடியில் இறக்கிவிட்டு வர வேண்டும். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் கடல் ஏறுவதும் இறங்குவதும் அதிகம். மணல் அதிகம் நகர்வதும் அப்போதுதான். அதனால் பௌர்ணமிதோறும் நான் படகில் இருந்தேன்.

அதே பௌர்ணமிதோறும் என் அம்மா மலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். உடம்பில் சர்க்கரை, காலில் செருப்பு கிடையாது, பதினாலு கிலோமீட்டர்.

அந்த வேண்டுதலுக்குக் காரணம் ஒரு போட்டோ. முதல் முறை படகில் போனபோது பெருமை தாங்காமல் லைஃப் ஜாக்கெட்டோடு ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள், துணியாக எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பாள். அந்த ஆரஞ்சு ஜாக்கெட் எதற்கு என்று கேட்டாள். விழுந்தால் மிதப்பதற்கு என்று வாயைக் கொடுத்தேன். அம்மாவுக்கு மிதப்பது காதில் ஏறவில்லை, விழுவது மட்டும் ஏறியது. அடுத்த பௌர்ணமி சாயங்காலம் போன் செய்தபோது பின்னால் ஒரே இரைச்சல். கிரிவலப் பாதையில் இருந்தாள்.

"நீ பட்டம் வாங்கற வரைக்கும் மாசா மாசம் சுத்தறேன்னு வேண்டிக்கினேன்," என்றாள். "வருண லிங்கத்துகிட்ட ஜாஸ்தி நேரம் நின்னு உன் பேரைச் சொன்னேன். தண்ணிக்கு அவருதானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரே சுற்றுகிறது, அம்மாவும் சுற்றட்டும், சர்க்கரைக்கு நடை நல்லதுதானே என்று நினைத்தேன். பட்டம் வாங்க எத்தனை வருஷம் ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் தாமதத்தை உதவித்தொகையில் கணக்குப் பார்ப்பார்கள். நான் அம்மாவின் காலில் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் குழுவின் கூட்டத்தில் டீயை உறிஞ்சிக்கொண்டே யாராவது இன்னும் ஒரு பருவத்து டேட்டா இருந்தால் நன்றாக இருக்கும் என்பார்கள். அவர்களுக்கு அது ஒரு வரி. எனக்கு அது ஐப்பசி கார்த்திகை முழுக்க அம்மா மழையில் நடப்பது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குச் சொல்லும்போது, சரி நல்லா பண்ணு என்பாள் அம்மா. அவள் அலுத்துக்கொண்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நிறுத்தச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. ஆட்டோவில் சுற்றலாம், அதுவும் கிரிவலம்தான் என்றேன். அப்படியானால் நீயும் படகில் போகாமல் கரையிலிருந்தே அளந்துவிடேன் என்றாள். நன்றாகத் தெரிந்த சாமி, நன்றாகத் தெரிந்த ரோடு, எனக்கு என்ன ஆகிவிடும் என்பாள். ஒரு தடவை லீவில் போயிருந்தபோது, சாப்பிட உட்கார்ந்த அம்மாவின் உள்ளங்காலில் ஒரு குண்டூசி தலைவரை ஏறியிருந்ததைப் பார்த்தேன். தையல் மெஷினடியில் குத்தியிருக்க வேண்டும், அதுவும் எப்போது என்று தெரியவில்லை. நான்தான் கத்தினேன். அம்மா அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, காணோம்னு காலையிலேர்ந்து தேடினேன் என்று டப்பாவில் போட்டாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அந்த வருஷம்தான் என் சென்சார் செத்தது. கடலடியிலிருந்து எடுத்து வந்த டேட்டாவைத் திறந்து பார்த்தால், முதல் நாள் அலை மேலும் கீழும் துள்ளுகிறது. பிறகு அப்படியே அடங்கி, வயலில் வரப்பு போட்ட மாதிரி ஒரே நேர்க்கோடு. எனக்கு ஒரே சந்தோஷம். கடல் அமைதியாக இருந்திருக்கிறது, கணக்குப் போட லேசு, சீக்கிரம் எழுதிவிடலாம். ஓட்டமாக ஓடி என் கைடிடம் காட்டினேன். அதிகம் பேசாத மனிதர் அவர். திரையை ஒரு முறை பார்த்துவிட்டு, "கடல் எப்பவாவது இப்படிச் சும்மா இருந்து பாத்திருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

சென்சாருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. அது கடைசியாகத் தொட்ட எண்ணையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு கிடந்திருக்கிறது. மேலே அலை எப்படி அடித்தது என்று அதற்குத் தெரியவே தெரியாது. அந்தப் பருவமே போனது. அந்த மாதிரி நேர்க்கோட்டை எங்கே பார்த்தாலும் இன்றைக்கும் முதலில் சென்சாரைத்தான் சந்தேகப்படுவேன்.

போன சித்திரா பௌர்ணமி. ஊருக்குள் கால் வைக்க இடம் இருக்காது, ராத்திரி கூட்டத்தில் நசுங்க முடியாது என்று அம்மா பகலிலேயே சுற்றக் கிளம்பிவிட்டாள். அக்கினி வெயில். நான் அன்றைக்குச் சட்டத்தை இறக்கிவிட்டுக் கரைக்கு வந்து, மணலில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு குதூகலம். நான் கரைக்கு வந்துவிட்டேனா என்றுகூட அன்றைக்கு அவள் கேட்கவில்லை.

"இந்த தடவ சுடவே இல்லடி," என்றாள். "எல்லாரும் நிழலுக்கும் ஓரத்துக்கும் ஓடறாங்க. ஐயோ அம்மான்றாங்க. நான் பாட்டுக்கு நடு ரோட்ல நடக்கறேன், எனக்கு ஜில்லுனு இருக்குது. அண்ணாமலையாரு குளிர வச்சுட்டாரு. உன் படிப்பு முடியப்போவுது பாரேன்."

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நேர்க்கோடு. பிறகு குண்டூசி. அம்மா இன்னும் சந்தோஷமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்கு எதுவும் கேட்கவில்லை. அப்பாவிடம் போனைக் கொடு என்றேன்.

அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர், எதற்கும் பதறாதவர். அம்மாவின் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள் என்றேன். இப்போதுதான் கழுவிவிட்டு உட்கார்ந்தாள், காலையில் பார்க்கலாமே என்றார். இப்பவே பாருங்கப்பா என்று கத்தினேன். படகைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனில் நாற்காலி நகரும் சத்தம், லைட்டைப் போடும் சத்தம்.

"பாப்பா," என்றார் அப்பா. "நீ கிளம்பி வந்துடு."

அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கருவிகளைக் கடலிலேயே விட்டுவிட்டு, உப்புத் தண்ணீர் காயாத பேண்டோடு பஸ் ஏறினேன். செஞ்சி தாண்டும்வரை கிரிவலத்துக்குப் போகிறவர்களோடு நின்றுகொண்டே வந்தேன். எல்லோரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் குனிந்து குனிந்து அவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. நான் போய்ச் சேரும்போது விடிந்துகொண்டிருந்தது. அப்பா மருந்துக்கடை திறந்திருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தார். அம்மா படுத்திருப்பாள் என்று நினைத்து உள்ளே போனேன். மொசைக் தரையில் வாசலிலிருந்து சமையலறைவரை ஈரமாகக் காலடித் தடங்கள். குளித்துவிட்டு நடந்திருக்கிறாள் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். அது தண்ணீர் இல்லை. பிசுபிசுவென்று ஒட்டியது. அம்மா அடுப்படியில் நின்று எனக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள், கொப்புளங்கள் உடைந்து தோல் வழன்ற காலோடு, ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல். உப்புமா வேணும்னா சொல்லு, அதுவும் பண்றேன் என்றாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது அந்தச் சமையலறை வாசலில்தான்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரைக் கால்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். புண்ணைச் சுத்தம் செய்த பிறகு, அம்மாவைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு குச்சியின் முனையில் நைலான் இழை மாதிரி ஒன்று இருந்தது. அதைத் தோல் நன்றாக இருந்த இடங்களில் ஒவ்வொன்றாக வைத்து, இழை வளையும்வரை அழுத்தினார். குதிகால், கட்டை விரல், சுண்டு விரல், மறு கால். தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி கவனமாக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் முடித்துவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தார்.

"நான் ரெடிங்க, ஆரம்பிங்க," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அம்மா அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். அவ்வளவு சன்னமான நூலால் தடவினால் யாருக்குத்தான் தெரியும், உனக்குத் தெரியுமா என்று என்னையே கேட்டாள். நரம்பு போய்விட்டது என்று டாக்டர் சொன்னதை நானும் அப்பாவும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம். தலையை ஆட்டினாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்து விசாரித்தவர்களிடம், ரோடு தனக்கு மட்டும் ஜில்லென்று இருந்ததையும் அதனால்தான் சுட்டது தெரியாமல் போனதையும் ஒரே மூச்சில் சொன்னாள். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை. அந்தக் குளிர்ச்சியைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

வலது சுண்டு விரல் கறுத்தது. அதை எடுத்தார்கள். இனி வெறுங்காலில் ஓர் அடிகூட வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு போட வேண்டும், இன்னொரு முறை இப்படி ஆனால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்றார் டாக்டர். அம்மா எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்றாள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் செருப்புப் பெட்டியைப் பிரிக்காமலேயே வாசல் அலமாரியில் வைத்துவிட்டாள். அடுப்படிக்குள்ளும் சாமி படத்துக்கு முன்னாலும் செருப்போடு நடப்பதா, நாம் என்ன அப்படிப்பட்ட குடும்பமா என்றாள். அப்பா கெஞ்சினார். நான் அழுதேன். பெட்டி பெட்டியாகவே இருந்தது. கட்டுப் போட்ட காலைத் தாங்கித் தாங்கி வைத்து, மற்ற காலை வெறுங்காலாகவே தரையில் ஊன்றி நடந்தாள். தரையில் ஓர் ஊசி, உடைந்த வளையல், ஒரு நெருப்புத் துண்டு இருந்தால் போதும். நான் துடைப்பத்தோடு அவளுக்கு முன்னால் நடந்தேன்.

இதில் வைகாசிப் பௌர்ணமி வேறு வந்துகொண்டிருந்தது. கட்டு இருக்கும்போதே மெதுவாகச் சுற்றிவிட்டு வருகிறேன் என்றாள். நடுவில் விட்டால் உனக்குத்தான் ஆகாது, நீ இன்னும் போட்ல போற இல்ல என்றாள். அவளுக்கு என் படகைப் பற்றிய பயம், எனக்கு அவள் காலைப் பற்றிய பயம். இரண்டு பயமும் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டன.

கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். உனக்குப் பதிலாக நான் சுற்றுகிறேன், குடும்பத்தில் யார் செய்தாலும் வேண்டுதல் வேண்டுதல்தானே என்றேன். அம்மா ரொம்ப நேரம் யோசித்துத் தலையசைத்தாள். கைடுக்குப் போன் செய்து, இனிமேல் பௌர்ணமிக்கு வர முடியாது, அமாவாசைக்கு மட்டும் கருவி இறக்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். பாதி டேட்டா ஏன் இல்லை என்று தேர்வாளர் கேட்டால் என்ன சொல்வாய் என்றார். தெரியலை சார் என்றேன். அம்மாவைப் பாத்துக்கோ என்று வைத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் பயப்படுகிறேன், அது வேறு விஷயம்.

அந்த மாதம் பௌர்ணமித் திதி சாயங்காலத்தோடு முடிந்துவிட்டதால் நானும் பகலில்தான் நடந்தேன். ராஜகோபுரத்தடியில் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பியபோது ஒன்றும் தெரியவில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டும்போது சூடு ஏறியது. எம லிங்கத்துக்கு அப்புறம் நடப்பது போய்க் குதிப்பதாகிவிட்டது. லாரியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார்கள். அது பின்னாலேயே காய்ந்தது. ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டில் சூடு கம்மி என்று யாரோ சொல்ல, எல்லோரும் அந்தக் கோட்டின் மேலேயே எறும்பு மாதிரி ஒருவர் பின்னால் ஒருவராகப் போனோம். மோர்ப் பந்தலில் குடிக்கக் கொடுத்த மோரைக் காலில் ஊற்றிக்கொள்ளலாமா என்று இருந்தது. அந்த வெயிலில், இதே தாரில், நடு ரோட்டில், அம்மா ஜில்லென்று நடந்திருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் குளிர் எடுத்தது. ஒவ்வொரு அடிக்கும் சுட்டது. சுடச் சுட, எனக்குத் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது என்று அற்பமாக ஒரு சந்தோஷம் வேறு. அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். வருண லிங்கத்தில் என் பேரைச் சொல்லவில்லை. அம்மா பேரைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கூடத்தில் நாற்காலியில், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். தரிசனம் ஆனதா என்று கேட்கவில்லை. கூட்டம் எப்படி என்று கேட்கவில்லை. விபூதிக்குக் கையையும் நீட்டவில்லை.

"சுட்டுதா?" என்றாள்.

இல்லை என்ற வார்த்தை நுனி நாக்குக்கு வந்துவிட்டது. இல்லம்மா, எனக்கும் ஜில்லுனுதான் இருந்துது என்று சொல்லிவிட்டால் போதும், அவள் முகம் மலர்ந்துவிடும். ஆனால் செருப்புப் பெட்டி அலமாரியிலேயே இருக்கும். அடுத்த பௌர்ணமிக்கு அவளே கிளம்பிவிடுவாள். சுட்டது என்று சொன்னால் அவளிடம் மீதி இருக்கும் ஒரே சந்தோஷத்தை நான் பிடுங்கியவளாவேன். அப்பா கடையிலிருந்து வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார், அவரும் என் வாயைத்தான் பார்த்தார்.

"சுட்டுச்சும்மா," என்றேன். "தாங்க முடியல."

அம்மா பக்கத்தில் உட்காரச் சொன்னாள். என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். சிவந்து, கட்டை விரலடியில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. அதன் மேல் விரலை வைத்தாள். நான் ஸ்ஸ் என்று காலை இழுத்தேன். விரலை எடுத்துவிட்டாள். பிறகு குனிந்து, கட்டு இல்லாத தன் காலில் அதே இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். நகம் வெள்ளையாகும்வரை அழுத்தினாள்.

"அப்ப எனக்குதான் தெரியலையா," என்றாள்.

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அழவில்லை, முந்தானையை இழுத்து இரண்டு காலையும் மூடிக்கொண்டாள். வெகு நேரம் கழித்து, வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்து, அந்தச் செருப்புப் பெட்டியை எடுத்துவரச் சொன்னாள்.

தீசிஸ் இன்னும் முடியவில்லை. பௌர்ணமிக்கு நான் சுற்றுகிறேன், அமாவாசைக்குப் படகில் போகிறேன். அம்மா அடுப்படியில் செருப்போடு நிற்கிறாள். முதல் சில நாள் யாராவது வந்தால் சேலையை இறக்கி மறைத்துக்கொண்டாள், இப்போது அதுவும் இல்லை. சாமி படத்துக்கு முன்னால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறாள், அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. சென்னையில் இருக்கும் நாட்களில் சாயங்காலம் வீடியோ காலில் கூப்பிடுவேன். அம்மா முகத்தைக் காட்டுவதற்கு முன்னால் போனைக் கீழே இறக்கி, ஒவ்வொரு பாதமாகத் திருப்பிக் காட்டுகிறாள்.